கச்சான் வீசிய கோடை

கச்சான் என்றவுடன் யாழ்ப்பாணத்து நேயர்களுக்குக் கோயில் திருவிழாக் கடைகளில் சுருளில் கட்டிக் கொடுக்கும் வறுத்த நிலக்கடலைதான் நினைவுக்கு வரும். ஊவா மாகாணத்தில் வாழ்வோருக்கோ அச்சொல் ஒரு காற்றின் பெயருமாகும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் நீரையெல்லாம் மேற்கு மலைச்சரிவுகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றது. பின்னர் வெறுங்கையோடு மலைமுகட்டைத் தாண்டிப் பண்டாரவளைக்கும் பதுளைக்கும் பசறைக்கும் இறங்கி வருகின்றது. ஹட்டனில் குடை விரித்திருக்கும் அதே நாளில் இங்கே புல் காய்ந்து சலசலக்கும். ஏனைய இடங்களில் சித்திரையும் வைகாசியும் கோடையென்றால், ஊவாவில் ஆடியும் ஆவணியுமே கோடை. பள்ளிக்கூடங்களுக்கு ஆவணி விடுமுறை கிடைப்பதும் பெரும்பாலும் இந்தக் காற்றின் நடுவில்தான்.

அண்மையில் பசறைப் பகுதியிலிருந்து ஒரு மாணவ நேயர் எமக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். உயர்தர வகுப்பில் ஒருநாள் பண்பாடு பற்றிப் பேச்சு எழுந்ததாம். ஒருவர் நாதசுரத்தைச் சொன்னாராம். ஒருவர் பரதத்தைச் சொன்னாராம். இன்னொருவர் வடமோடி தென்மோடிக் கூத்துகளைச் சொன்னாராம். தோட்டத்துப் பிள்ளையாகிய இவரிடம் கேட்டபோது, இவர் நெஞ்சில் தோன்றியவை தப்பும் ரொட்டியும் மட்டுமே. ஆதலின் வாய் திறவாமல் இருந்துவிட்டார். “இவற்றையும் பண்பாடு என்று சொல்லலாமா? சொன்னால் சிரிக்க மாட்டார்களா?” என்று கேட்டு எழுதியிருந்தார்.

இதற்கு நூல்களை அடுக்கி மறுமொழி கூறுதல் எளிது. ஆனால் அம்மறுமொழி அந்த மாணவரின் கூச்சத்தைப் போக்காது. ஆகவே, 2023 ஆம் ஆண்டுக் கோடையில் நாம் கண்டவற்றையும் உண்டவற்றையும் கேட்டவற்றையும் இவ்வாரம் அவருக்குச் சொல்லிவிட எண்ணுகின்றோம்.

அக்கோடைக்கு ஒரு சிறப்பு உண்டு. 1823 ஆம் ஆண்டினைத் தொடக்கமாகக் கொண்டு, மலையகத் தமிழர் இந்நாட்டிற்கு வந்து 200 ஆண்டுகள் நிறைந்ததை அவ்வாண்டு நினைவுகூர்ந்தனர். முன்னோர் கப்பலிலிருந்து இறங்கி நடந்த வழியையே தாமும் நடப்பதென்று உறுதி பூண்டு, ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட மக்கள், ஆகஸ்டு 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். கூலித் தொழிலாளராய் வந்தோர் காட்டிலும் மேட்டிலும் நோயாலும் பசியாலும் மடிந்து விழுந்த வழி அது. அந்த நடைபயணத்தின் செய்திகளை நாள்தோறும் நாளிதழில் வாசித்துக்கொண்டே, நமுனுகுலை மலையின் அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில், எமக்கு இளமையில் எழுத்தறிவித்த ஆசிரியரின் வீட்டில் நாம் தங்கியிருந்தோம். தோட்டப் பாடசாலையிலே நெடுங்காலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் அனைவருக்கும் அவர் ‘மாஸ்டர்’. எமக்கும் இன்றளவும் அவ்வாறே. லயத்தை அடுத்த சிறு வீட்டில் மனைவியோடும் உயர்தரம் படிக்கும் பேத்தியோடும் வாழ்ந்துவந்தார்.

முதல்நாட் காலையில் அவ்வீட்டு அம்மா எமக்கு வெறுந்தேநீர் கொணர்ந்து தந்தார். உள்ளங்கையிற் கொஞ்சம் சீனி. மற்றைக் கையில் தம்ளர். சீனியை நாவில் இட்டுக்கொண்டு ஒரு மிடறு அருந்த வேண்டும். கச்சான் காலத்து ஊவாத் தேயிலையின் பெருமை உலகறிந்தது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை இங்கு விளைவதனைத் தேயிலை வணிகர் காத்திருந்து வாங்குவர். வறண்ட காற்றில் வாடும் கொழுந்து, தன்னகத்தே மணப்பொருள்களை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றது. மெதைல் சலிசிலேற்று என்னும் பொருளே அம்மணத்திற்கு முதன்மையான காரணம் என்பர் வேதியியலார். கைகால் நோவுக்குப் பூசும் தைலங்களிற் கமழ்வதும் அதுவே.

ஆனால் எமக்குத் தம்ளரிற் கிடைத்தது அந்தப் பெயர்பெற்ற தேயிலை அன்று. அது கொழும்பு ஏலத்துக்குப் போய்விட்டது. தோட்டத்தில் மாதந்தோறும் கொடுக்கும் தூளே லயத்து அடுப்புகளிற் கொதிப்பது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும் பக்கத்து வீட்டு அம்மையாரிடம், “உங்கள் கொழுந்துக்கு இப்போது நல்ல விலையாமே” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, “கொழுந்துக்கு விலைதான் ஐயா. ஆனால் மலையிலே கொழுந்து எங்கே இருக்கு? காலையிலிருந்து தடவினாலும் கூடை நிறைய மாட்டேங்குது” என்றார். கச்சான் காலத்திலே தேயிலைக்கு மணம் ஏறும், கொழுந்தோ குறையும். நாட் சம்பளம் எடுக்கக் கிலோக் கணக்கு உண்டு. அந்நாட் சம்பளம் 1,000 ரூபாயாக உயர்ந்ததும் 2021 ஆம் ஆண்டில்தான். உலகம் சுவைத்து மகிழும் பருவம், பறிப்பவருக்கு நிறை காணாத பருவம். துன்பப்பட்டால்தான் மணம் வரும் என்று செடியைக் காட்டி மனிதருக்கு உபதேசம் செய்வார் சிலர் உண்டு. அவர்கள் ஒருநாள் கூடை சுமந்து பார்த்துப் பின்னர் அந்த உபதேசத்தைச் செய்யலாம்.

தேநீரைத் தொடர்ந்து ரொட்டி வந்தது. கோதுமை மாவும் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டுப் பிசைந்து, கையாலே தட்டி, விறகடுப்பிலே இரும்புத் தட்டிற் சுட்டெடுப்பது. தடிப்பாக இருக்கும், ஆங்காங்கே கருகிய புள்ளிகள் விழுந்திருக்கும். கூட வைப்பது செத்தல் மிளகாயும் தேங்காயும் அம்மியில் அரைத்த சம்பல். விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் எழுந்து பெண்கள் இதைச் சுட்டு, ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கு வைத்து, ஒரு பங்கைத் துணியிற் சுற்றி மலைக்கு எடுத்துச் செல்வர்.

இந்த ரொட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. நெல்லுண்ணும் நாட்டிலிருந்து வந்த மக்கள், கோதுமை மாவை விரும்பித் தேர்ந்தவர் அல்லர். 1942 ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தபோது, அங்கிருந்து இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு அரிசியின் குறையை நிரப்பக் கோதுமை மா வந்தது. வந்த மா போகவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அருகியபோது தோட்டங்களிற் பட்டினியால் மாண்டோர் பலர். மாஸ்டரின் மனைவி அப்போது சிறுமி. “கீரையை அவிச்சு உப்புப் போட்டுத் தின்ன நாள் எத்தனையோ” என்றார் அவர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே மாவின் விலை பல மடங்காக ஏறியபோதும் அதே அச்சம் திரும்பி வந்ததாம். அந்நாட்களில் ஒரு ரொட்டியை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியைப் பள்ளிக்கூடம் போகும் பேத்திக்கு வைத்ததை அவர் சொல்லவில்லை. அப்பேத்தியே எம்மிடம் சொன்னாள்.

இவ்வளவு பாடு பட்ட வீட்டில், எமது இலைக்கு நான்காவது ரொட்டியும் வந்து விழுந்தது. வேண்டா என்று கையை மறித்தோம். “பாதி வயிற்றோடு இந்த வீட்டைவிட்டு யாரும் போனதில்லை” என்று அம்மா சொன்ன சொல்லிலே சிறிது கோபமும் இருந்தது. பங்கீட்டுக்கடை கொடுத்தது வெறும் மாவே. அதனைத் தேங்காயும் வெங்காயமும் கூட்டி உணவாக்கியதும், வந்தவருக்கு முதலில் வைக்கும் விருந்தாக்கியதும் இம்மக்கள். பண்பாடு என்னும் சொல்லுக்கு இதைவிட நெருங்கிய பொருளை நாம் கண்டதில்லை.

மாஸ்டருக்கு ஒரு பால்ய நண்பர் இருந்தார். ஒரே லயம், ஒரே வகுப்பு. மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடும்போது மாஸ்டர் மன்மதனாகவும் நண்பர் இரதியாகவும் வேடம் புனைவது வழக்கமாம். அறியாத நேயர்களுக்காக ஒன்று சொல்வோம்: சிவபெருமான் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்ததையும் இரதி புலம்பியதையும் தோட்டத்து மக்கள் இரவிரவாக ஆடிக் காட்டும் கூத்து இது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு சேர்த்து இதனை மலையகத்தின் பெருங்கூத்துகள் மூன்றனுள் ஒன்றாகக் கூறுவர்.

அந்த இரதியும் மன்மதனும் 1974 ஆம் ஆண்டிற் பிரிந்தனர். 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. எந்த நாட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதினார்களே அன்றி, எந்த வீட்டிலிருந்து எவர், எந்தக் கூத்திலிருந்து எந்த வேடம் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிச் செல்ல 1924 ஆம் ஆண்டிற் பதுளை வரை வந்து சேர்ந்த இருப்புப்பாதையின் வழியே, நண்பரும் அவர் குடும்பமும் தகரப் பெட்டிகளோடு தலைமன்னாருக்குச் சென்றனர். இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியிற் கூடலூரை அடைந்தனர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 ஆம் ஆண்டிலே தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. இங்கே எடுத்த கொழுந்தை அங்கே போய் எடுத்தார், அவ்வளவே வேற்றுமை.

நெடுங்காலம் கடிதமாய் இருந்த அந்நட்பு, இப்போது கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் நட்பாகிவிட்டது. ஆகஸ்டு மாதத்தில் ஒருநாள் மாலை, கூடலூரிலிருந்து அந்த நண்பர், “டேய், நம்ம லயத்துத் தப்புச் சத்தத்தை ஒருதரம் கேட்கணும்டா. எத்தனை நாளைக்கு இருக்கப்போறேன்?” என்றார். மாஸ்டர் உடனே “சரிடா” என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் திகைத்தும் நின்றார். ஏனெனில் அத்தோட்டத்திலே தப்பு அடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு கிழவர்தான். அவரும் சில ஆண்டுகளாகத் தப்பைத் தொடுவதில்லை.

தப்பு என்பது மரச்சட்டத்திலே தோல் கட்டிய பறை. அடிப்பதற்கு முன் நெருப்பு மூட்டி அனலிற் காட்டித் தோலை இறுக்குவர். நீண்ட மெல்லிய குச்சி ஒன்றும், குறுகிய தடித்த குச்சி ஒன்றுமாக இரண்டு கைகளாலும் அடிப்பர். காமன் கூத்துக்கு ஓர் அடி, சாமி அழைப்பதற்கு ஓர் அடி, கலியாணத்துக்கு வேறு, சாவுக்கு வேறு. பழைய நாட்களில், விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு அழைப்பதற்கும் தப்பே அடிக்கப்பட்டது. துரைமார் காலத்திற் கட்டளையின் குரலாகவும் அதுவே இருந்தது. கோயில் வாசலில் மகிழ்ச்சியின் குரலாகவும் அதுவே இருந்தது. இத்தனைக்கும் அதை அடிக்கும் கடன், தலைமுறை தலைமுறையாக ஒரு குலத்தாரின் தலையிலேயே சுமத்தப்பட்டிருந்தது.

மாஸ்டருடன் நாமும் அக்கிழவரின் லயத்துக்குச் சென்றோம். இஸ்தோப்பில் அமர்ந்திருந்தவர் எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். செய்தியைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு எம்மைப் பார்த்துச் சொன்னார்:

“ஐயா, இந்தத் தப்பு எங்க வீட்டிலே நாலு தலைமுறையா இருக்கு. பெரட்டுக்கு அடிச்சவர் என் பாட்டன். ஊரிலே எல்லாச் சாவுக்கும் அடிச்சவர் என் அப்பா. அடிச்சு முடிஞ்சா வாசலுக்கு வெளியே நிறுத்திச் சிரட்டையிலே தேத்தண்ணி ஊத்துவாங்க. நானும் அப்படிக் குடிச்சவன்தான். என் பேரன் இப்ப படிக்கிறான். இந்தக் குச்சியை அவன் கையிலே கொடுக்க எனக்கு மனசு வரல்லே. என்னோட இது போகட்டும்.”

மாஸ்டர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. “உங்களை அடிக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை அண்ணே. ஆனால் இன்றைக்கு ராத்திரி நம்ம வீட்டிலே சாப்பிட வாங்க. அடிச்சாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி” என்றார். இருவரும் ஒரே தோட்டத்திற் பிறந்து வளர்ந்தவர்கள். எழுபது வயதைக் கடந்தவர்கள். அப்படியிருந்தும், அந்த அழைப்பு அவர்களிடையே முதல் அழைப்பு என்பதை நாம் பிறகே அறிந்தோம்.

அன்றிரவு கிழவர் வந்தார். துணியிற் சுற்றிய தப்பையும் கொண்டுவந்தார். வாசலில் தயங்கி நின்றவரை அம்மா உள்ளே அழைத்துக் கதிரையில் அமர்த்தினார். எமக்குத் தந்த அதே எவர்சில்வர் தம்ளரில் அவருக்கும் தேநீர். எமக்கு வைத்த அதே ரொட்டி. அவர் மெல்ல உண்டு முடித்தார். பின்னர் முற்றத்திலே காய்ந்த சருகைக் குவித்துத் தாமே தீ மூட்டித் தப்பை வாட்டினார். மாஸ்டர் கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தார். காமன் கூத்தின் அடி எழுந்தது.

இசை பற்றி எழுதுவதிற் பயன் சிறிது. அடி தொடங்கியதும் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்ததையும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் தன்னையறியாமற் பாதத்தால் தாளம் போட்டதையும் மட்டும் சொல்கின்றோம். கூடலூரிலிருந்து நெடுநேரம் ஒரு சொல்லும் வரவில்லை. பிறகு, “இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொல்லுடா” என்று ஒரு குரல் வந்தது. மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தப்பு ஓய்ந்தபின், மாஸ்டரின் பேத்தி கிழவர் அருகிற் சென்று, “தாத்தா, எனக்குச் சொல்லித் தருவீங்களா?” என்று கேட்டாள். கூடியிருந்தோர் ஒருவரையொருவர் பார்த்தனர். பெண்பிள்ளை, அந்தக் குலத்திலும் பிறந்தவள் அல்லள். கிழவர் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். “அவள் உங்களைத்தானே கேட்கிறாள்? என்னைப் பார்த்தால்?” என்றார் மாஸ்டர்.

மறுநாள் முதல் பாடம் தொடங்கியது. தோலை வீணாக்கக் கூடாதென்று, கவிழ்த்து வைத்த ஒரு தகரப் பேணியின்மேல் அவள் பழகினாள். மூன்றாம் நாள், அடியொன்று மீண்டும் மீண்டும் தவறியது. தூரத்தில் மதகின்மேல் உட்கார்ந்து புத்தகம் படிப்பதுபோல் இருந்த கிழவரின் பேரன் எழுந்து வந்து, “அப்படியில்லை, இடது கை பிந்தி வரணும்” என்று சொல்லி, குச்சியை வாங்கி அடித்துக் காட்டினான். கிழவர் திகைத்துப் போனார். அவர் சொல்லித் தராமலே, தூங்குவதுபோற் படுத்திருந்த எத்தனையோ இரவுகளில், பேரன் அனைத்தையும் கேட்டுக் கற்றிருந்தான்.

இதற்கிடையில், கீழே கிராமத்திலிருந்து மாஸ்டரின் சிங்கள நண்பர் ஒருவர், அஞ்சலகத்திற் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பலாக்காய் ஒன்றைத் தோளிற் சுமந்துகொண்டு வந்தார். தோட்டத்தாரோடு பழகித் தமிழைத் தடையின்றிப் பேசுவார். பிள்ளைகள் தப்புப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், “எங்கள் பெரய மேளத்தையும் முன்னே ஒரு சாதிக்காரர்தான் அடித்தார்கள், மற்றவர்கள் தொட மாட்டார்கள். இன்றைக்கு என் பேரன் பள்ளிக்கூடத்திலே அதைப் பாடமாகப் படிக்கிறான். சோதனையும் எழுதப் போகிறான். பழைய எண்ணமெல்லாம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேளம் இப்போது எல்லோருக்கும் சொந்தம்” என்றார். பௌத்த விகாரைகளில் ஒலிக்கும் இரட்டைப் பறைக்குச் சிங்களத்தில் தம்மெட்டம என்பது பெயர். எங்கள் தம்பட்டம் என்ற சொல்லை அதனோடு ஒப்பிட்டு நேயர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அக்கோடையிலே ஒரு தோட்டமே மாறிவிட்டது என்று நாம் எழுதப்போவதில்லை. ஆவணி நடுவில் ஒரு சாவு நேர்ந்தது. பழைய வழக்கப்படி ஒரு பையனை அனுப்பிக் கிழவரை வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை. “தப்பு இல்லாமல் பிணத்தை எடுப்பதா?” என்று சிலர் சினந்தனர், “படித்தவர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள்” என்று எம் காதில் விழும்படியும் சிலர் பேசினர். ஈற்றில் வீட்டுக்குரிய மூத்தவரே நேரிற் சென்று அழைத்தார். கிழவர் வந்தார், பேரனும் கூட வந்தான். தம்ளரிலே தேநீர் கொடுத்தார்கள். ஆனால் அதை வாசலில்தான் கொடுத்தார்கள். ஒரு தம்ளர் அளவு வழி கடந்தாயிற்று. வாசற்படி இன்னும் இருக்கின்றது.

எமக்குக் கடிதம் எழுதிய மாணவருக்கு இப்போது மறுமொழி கூறலாம். தம்பி, உம்முடைய கூச்சத்துக்குக் காரணம் தப்பு அன்று. அதனை ஒரு குலத்தாரின் தோளில் மட்டும் மாட்டி, அவர்களை வாசலில் நிறுத்திய வழக்கமே நாணத்தக்கது. அதுபோலவே ரொட்டியில் இழிவில்லை. உழைப்பவருக்கு அரைவயிறு போதுமென்று கணக்கிட்டவர் செயலிலேதான் இழிவு உண்டு. அந்த வழக்கத்தையும் அந்தக் கணக்கையும் விட்டொழிக்க வேண்டுவது உண்மை. ஆனால் அழுக்குத் துணியைக் களைகின்றவன் தன் தோலையும் சேர்த்து உரித்துக்கொள்வதில்லை. தப்பு ஒழிந்தால் சாதி ஒழிந்துவிடும் என்று எண்ணுதல் வேண்டா. தப்பு ஒழிந்த பின்பும் சாதி கதிரையிற் சுகமாக அமர்ந்திருக்கக் கூடும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் தப்பைக் கையில் எடுத்தால், அதை அடித்தவர் என்பதற்காக ஒருவரை வெளியே நிறுத்துவதற்குக் காரணம் இல்லாமற் போகும்.

இது வெறும் ஆசையன்று. பறை இழிவென்று தமிழ்நாட்டிலும் ஒதுக்கிய காலம் உண்டு. அங்கே மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025 ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. எங்கள் மலையகத்திலோ, தொழிற்சங்கத் தந்தை கோ. நடேசையர் காலத்திலேயே, அவர் மனைவி மீனாட்சி அம்மையார் தோட்டத்துக் கூட்டங்களிற் பாடல்களைப் பாடி மக்களை விழிப்படையச் செய்தார். 1947 ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), லயத்துப் பெண்களும் முதியவர்களும் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடிச் சேர்த்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற தொகுப்பாக்கித் தந்தார். படித்தவர் பலர் இவற்றைப் பாட்டென்றே மதியாத நாளில், அவர் அவற்றைக் கேட்டு எழுதி வைத்தார்.

அவ்வாறு எழுதி வைக்காதவை எத்தனை அழிந்தனவோ! கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் மண் சரிந்து லயங்களை மூடியது. மக்கள் மாண்டதே பேரிழப்பு. அவர்களோடு எத்தனை தாலாட்டுகள், எத்தனை வீட்டுக் கதைகள், எந்தெந்தக் கைகளுக்கு மட்டும் தெரிந்த சமையற் பக்குவங்கள் மண்ணுக்குள் போயின என்று கணக்கிட ஒருவரும் இல்லை. மலைச்சரிவுகளில் உள்ள லயங்களில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வேண்டும் என்பது முதல் தேவை. அதிலே இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் புதுவீட்டுக்குப் போகும்போது பாட்டியின் பாட்டையும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமல்லவா?

ஆகவே மாணவ நேயர்களிடம் ஒன்று வேண்டுகின்றோம். அடுத்த விடுமுறையில், உங்கள் வீட்டிலோ பக்கத்து லயத்திலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் அமர்ந்து, ஒரு பாட்டையேனும் முழுமையாகக் கேட்டு எழுதுங்கள். பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், எந்த வேளையிற் பாடுவது, யாரிடம் கற்றது என்பவற்றையும் மறவாமற் குறியுங்கள். சி. வி. வேலுப்பிள்ளைக்குத் தாளும் எழுதுகோலுமே துணையாக இருந்தன. உங்கள் சட்டைப்பையிலோ குரலையே பிடித்து வைக்கும் கருவி இருக்கின்றது. பாட்டு ஒன்று, ரொட்டிக்கு மாப் பிசையும் பக்குவம் ஒன்று, தப்பின் அடி ஒன்று. மூன்றில் எது கிடைத்தாலும் சரி.

கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கொஞ்சம் சீனியும் தேயிலையும் கொண்டு போங்கள். பாடுகின்றவர் எவராயினும் அவரை வீட்டுக்குள் அழைத்து, கதிரையில் அமர்த்தி, நீங்கள் அருந்தும் தம்ளரிலேயே அவருக்கும் ஊற்றிக் கொடுங்கள். பாட்டை அதற்குப் பிறகு கேட்கலாம்.